கடிதக் கட்டுகளில் எதை வைப்பது, எதை விடுவது

ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த கடிதங்கள் ஓர் ஆவணக்காப்பகத்துக்குப் போகவிருக்கின்றன. கொடுப்பது குடும்பம், வாங்கிக்கொள்வது காப்பகம். இத்தனையும் வேண்டுமா என்பதுதான் இரு தரப்பும் கேட்கும் முதல் கேள்வி. குடும்பம் கூச்சத்தால் கேட்கிறது; காப்பகம் இடநெருக்கடியால் கேட்கிறது. காரணம் வேறானாலும் இருவரும் பெரும்பாலும் ஒரே வேலையில்தான் இறங்குகிறார்கள். ஒவ்வோர் உறையாகப் பிரித்துப் படித்து, முக்கியமானதை ஒரு பக்கமும் மற்றதை மறுபக்கமும் போடத் தொடங்குகிறார்கள். இருக்கும் வழிகளிலேயே செலவு மிக்கதும் சேதம் அதிகம் செய்வதும் இதுதான் என்பது என் துணிபு. அதைவிட நல்ல வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் உரிய இடமும் உண்டு.

வழிகளுக்குள் போகுமுன், கடிதத் தொகுப்புகளுக்கே உரிய ஒரு கோணலைச் சொல்ல வேண்டும். ஒருவர் எழுதிய கடிதங்கள் அவர் வீட்டில் இருப்பதில்லை. அவருக்கு வந்தவைதான் இருக்கும். தந்தையின் கடிதங்கள் என்று பிள்ளைகள் கொண்டுவந்து தருவது உண்மையில் தந்தைக்குப் பிறர் எழுதிய கடிதங்கள். தந்தையின் எழுத்து ஐம்பது வீடுகளில் சிதறிக் கிடக்கும், அல்லது எங்கும் இராது.

இந்தக் கோணலை அறியாமல் செய்யும் தேர்வு என்ன செய்யும் என்பதற்கு ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் நல்ல சாட்சி. 1860 செப்டம்பரில் கேட்ஸ் ஹில் வீட்டில், இருபது ஆண்டுகளாகச் சேர்ந்த கடிதங்களை அவர் நெருப்பில் போட்டார். பிள்ளைகள் கூடை கூடையாகச் சுமந்துவந்து கொட்டினார்கள். அந்தச் சாம்பலில் வெங்காயம் சுட்டதாகவும் குடும்ப நினைவு உண்டு. ஆனால் அவர் எழுதிய கடிதங்கள் 14,000-க்கும் மேல் பிறர் வீடுகளில் தப்பிப் பிழைத்து 12 தொகுதிகளாக அச்சேறிவிட்டன. தம் அந்தரங்கத்தைக் காக்க அவர் மூட்டிய தீயில் வெந்தது நண்பர்களின் குரல்.

ஓவியர் வான்கோவின் கதையும் இதே கோணலின் மறுமுகம். 2009-இல் வெளியான முழுமையான பதிப்பில் உள்ள 902 கடிதங்களில் அவர் எழுதியவை 819. அவருக்கு வந்தவை வெறும் 83. தம்பி தியோ வந்த கடிதங்களைப் பத்திரப்படுத்தினார். அண்ணன் அப்படிச் செய்யவில்லை. உலகமே படிக்கும் அந்த உரையாடலில் ஒருவர் பேசிக்கொண்டே இருக்கிறார், மற்றவர் என்ன சொன்னார் என்பதைப் பெரும்பாலும் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

சார்லஸ் டார்வின் வீட்டில் நடந்தது இன்னும் வேடிக்கை. வந்த கடிதங்களை அவர் கம்பிகளில் குத்தி வைப்பார். கம்பிகள் நிரம்பிவிட்டால், அவற்றைக் காலியாக்குவதற்காகப் பல ஆண்டுக் கடிதங்களை மொத்தமாக எரித்துவிடுவார். 1862-க்கு முன் வந்தவை கிட்டத்தட்ட முழுவதும் இப்படியே போயின என்று அவருடைய மகன் பிரான்சிஸ் எழுதியிருக்கிறார். 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தது 1859-இல் என்பதை நினைத்துப் பார்த்தால், சில இரும்புக் கம்பிகளை மிச்சம் பிடிக்க எந்தக் காலத்துக் கடிதங்கள் போயின என்பது புரியும். 1974-இல் தொடங்கி 30 தொகுதிகளாக முடிந்த டார்வின் கடிதப் பதிப்புத் திட்டம், பல ஆயிரம் கடிதங்களை உலகின் பல மூலைகளிலிருந்து தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது.

நம் பக்கத்தில் உ.வே. சாமிநாதையர் இதற்கு நேர்மாறானவர். தமக்கு வந்த கடிதங்களைச் சேர்த்து வைத்தவர். சென்னையில் அவர் பெயரால் இயங்கும் நூல்நிலையத்தில் அவை பாதுகாக்கப்படுகின்றன. ஏடு தந்தவர்கள், ஐயம் கேட்டவர்கள், பணம் அனுப்பியவர்கள், பாராட்டியவர்கள் எனப் பலரின் கையெழுத்து இன்றும் இருப்பதற்கு அந்தப் பழக்கமே காரணம். பெரும்பாலோர் வேறெந்த வரலாற்றிலும் பெயர் வராதவர்கள்.

ஆகவே எந்தத் தொகுப்பானாலும் முதலில் பார்க்க வேண்டியது அதன் மறுபாதி எங்கே என்பதைத்தான். எழுதியவர் கார்பன் நகல் எடுத்து வைத்திருந்தாரா? வரைவுகள் இருக்கின்றனவா? எதிர்த்தரப்பின் குடும்பத்திடம் மீதி இருக்கிறதா? இதற்கு விடை தெரியாமல் ஒரு தாளைக்கூடக் கழிக்கக் கூடாது.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்வது

பிரிட்டிஷ் ஆவணவியலாளர் ஹிலாரி ஜென்கின்சன் 1922-இல் வைத்த வாதம் கண்டிப்பானது. காப்பாளரின் வேலை காப்பது. தேர்ந்தெடுக்க ஆரம்பித்தால் அவருடைய விருப்பு வெறுப்பு சான்றில் கலந்துவிடும். அரசு அலுவலகக் கோப்புகளை மனத்தில் வைத்துச் சொன்னது என்றாலும், தனிக் கடிதங்களுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

தேர்ந்தெடுக்காமல் விட்டால் என்ன கிடைக்கும் என்பதற்குப் பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா யூதத் தொழுகைக்கூடத்தைப் பார்க்கலாம். இறைவன் பெயர் எழுதப்பட்டிருக்கக்கூடிய தாளை அழிக்கலாகாது என்ற நம்பிக்கையால், பயன் தீர்ந்த தாள்களையெல்லாம் பல நூற்றாண்டுகளாக ஓர் அறைக்குள் போட்டுவந்தார்கள். 1896–97-இல் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் அவற்றில் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். வேத நூல் துண்டுகளோடு வணிகர் கடிதங்கள், கணக்குகள், கோபித்துக்கொண்ட மனைவிக்கு எழுதிய சமாதானங்கள் என எல்லாம் கலந்து கிடந்தன. ஏடனுக்கும் மலபார்க் கரைக்கும் இடையே 12-ஆம் நூற்றாண்டில் நடந்த மிளகு வணிகத்தின் நடைமுறையை இன்று இத்தனை நெருக்கமாகப் பார்க்க முடிகிறதென்றால், எது முக்கியம் என்று அங்கே யாரும் உட்கார்ந்து முடிவு செய்யாததால்தான்.

இங்கிலாந்தின் வடக்கே விண்டொலாண்டா என்ற ரோமானியக் கோட்டையில் 1973 முதல் மரச்சீவல்களில் எழுதிய கடிதங்கள் கிடைத்துவருகின்றன. கி.பி. 100-ஐ ஒட்டிய காலத்தவை. அவற்றில் ஒன்று பிறந்தநாள் விழாவுக்கு வரச்சொல்லித் தோழிக்குத் தோழி எழுதிய அழைப்பு. மற்றொன்று காலுறையும் உள்ளாடையும் அனுப்பியதைச் சொல்கிறது. இரண்டும் எந்தத் தேர்வுக் குழுவிடமும் தேறியிருக்கா.

இந்த வழியின் பலம் இது. பலவீனத்தை எல்லோரும் இடம் என்று சொல்வார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். வழக்கமான ஆவணப் பெட்டி ஒன்றின் அகலம் 12, 13 சென்டிமீட்டர். அதில் சில நூறு கடிதங்கள் அடங்கும். ஒரு சராசரி மனிதரின் கடிதங்கள் பத்துப் பெட்டியைத் தாண்டுவது அபூர்வம். அது ஒன்றரை மீட்டர் அலமாரிகூட இல்லை. உண்மையான தொல்லைகள் வேறு இரண்டு. பட்டியலிடப்படாத ஐம்பது பெட்டிகள் வாசகருக்கு இல்லாத பெட்டிகள்தாம். மேலும், எல்லாவற்றையும் வைத்தால் பிறருடைய அந்தரங்கங்களும் கூடவே வந்து சேரும். இரண்டுக்கும் கழித்தல் தவிர வேறு மருந்துகள் இருக்கின்றன.

என் கணக்கு எளியது. மொத்தம் பத்துப் பெட்டிக்குள் இருந்தால் தேர்வு என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். எல்லாவற்றையும் வைத்துவிட்டு, மிச்சமாகும் நேரத்தைப் பட்டியலுக்குக் கொடுங்கள்.

பெயருள்ளவர்களின் கடிதங்கள் மட்டும்

குடும்பங்களுக்கு இது பிடிக்கும். அமைச்சர் எழுதியது, எழுத்தாளர் எழுதியது, நடிகர் கையெழுத்திட்டது என்று தனியே ஓர் உறை. இதனால் கிடைப்பது கையொப்பச் சேகரிப்பு. ஏலத்தில் விலை போகும், ஆய்வுக்கு உதவாது. புகழ்பெற்றவர்கள் எழுதிய கடிதங்கள் பெரும்பாலும் நன்றி, வாழ்த்து, வர இயலாமைக்கு வருத்தம். அவர்களுடைய அலுவலகத்தில் நகலும் இருக்கும். முப்பது ஆண்டுகள் மாதந்தோறும் எழுதிய பள்ளித் தோழரின் கட்டு வேறு எங்கும் இராது. இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

கடிதம் கடிதமாகப் படித்துக் கழிப்பது

முதலில் நேரத்தைப் பார்ப்போம். 2,000 கடிதங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்தைப் பழகி, படித்து, யோசித்து முடிவெடுக்கக் கடிதத்துக்கு ஐந்து நிமிடம் என்றாலும் 10,000 நிமிடங்கள், அதாவது ஏறக்குறைய 167 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரம் வேறெதுவும் செய்யாமல் உட்கார்ந்தால் மூன்று வாரத்துக்கு ஒரு நாளும் விடுமுறை இல்லை. இத்தனை உழைத்துப் பாதியைக் கழித்தாலும் மிச்சமாவது ஏறத்தாழ மூன்று பெட்டி இடம், நாற்பது சென்டிமீட்டர். அந்த நாற்பது சென்டிமீட்டருக்குக் கொடுத்த விலையில் முழுத் தொகுப்பையும் பட்டியலிட்டிருக்கலாம். அமெரிக்க ஆவணவியலாளர்கள் மார்க் கிரீனும் டென்னிஸ் மைஸ்னரும் 2005-இல் இதே திசையில் வாதாடினார்கள். ஒவ்வொரு தாளையும் தொட்டுச் சீர்செய்வதில் காப்பகங்கள் நேரத்தைக் கொட்டுவதால் பெட்டிகள் ஆண்டுக்கணக்கில் வாசகரை எட்டாமல் தேங்குகின்றன என்பது அவர்கள் முறையீடு.

நேரமாவது பரவாயில்லை. அளவுகோல்தான் பெரிய சிக்கல். அமெரிக்க ஆவணவியலாளர் தியோடர் ஷெல்லன்பெர்க் 1956-இல் ஆவண மதிப்பை இரண்டாகப் பிரித்தார்: ஒரு செயல் எப்படி நடந்தது என்பதற்குச் சான்றாக நிற்பது ஒன்று, அதில் அடங்கியிருக்கும் தகவலுக்காக மதிப்புப் பெறுவது மற்றொன்று. அரசுக் கோப்புகளைப் பிரிக்க இது கூர்மையான கருவி. ஒரு வீட்டுக் கடிதத்தில் வைத்துப் பாருங்கள். 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கி, மழை இல்லை, அம்மாவுக்குக் கால்வலி, பையன் கணக்கில் தேறவில்லை, பணம் வந்து சேர்ந்தது என்று முடியும் கடிதத்தில் என்ன சான்று, என்ன தகவல்? ஒன்றுமில்லை என்றுதான் அன்றைக்குத் தோன்றும். நாற்பது ஆண்டு கழித்து, பணம் அனுப்பியவர்கள் எவ்வளவு அனுப்பினார்கள், வீட்டில் நோயை என்ன பெயரிட்டு அழைத்தார்கள், மழை பொய்த்த மாதங்கள் எவை, பிள்ளைகளின் படிப்பைப் பற்றி யார் முடிவெடுத்தார்கள் என்று கேட்டு வருபவருக்கு அதைவிட நல்ல கடிதம் கிடையாது. கேள்விகள் மாறிக்கொண்டே இருக்கும். இன்று பிரிப்பவருக்கு இன்றைய கேள்விகள் மட்டுமே தெரியும்.

இவற்றையெல்லாம் ஒப்புக்கொள்பவர்கள்கூடக் கவனிக்கத் தவறும் கேடு ஒன்று உண்டு. கடிதங்களுக்கு இடையிலான இடைவெளியும் ஒரு செய்தி. வாரம் ஒன்று வந்துகொண்டிருந்தது, திடீரென்று எட்டு மாதம் இல்லை என்றால், ஆய்வாளர் அங்கே நிற்பார். சண்டையா, நோயா, இருவரும் ஒரே ஊரில் இருந்தார்களா? அந்த எட்டு மாதத்தில் வந்த இருபது 'வெறும்' கடிதங்களை ஒருவர் கழித்துப் போட்டிருந்தால், நடக்காத ஒரு பிணக்கை நாம் உண்டாக்கிவிட்டோம். இருக்கும் கடிதத்தில் பிழை இருந்தால் இன்னொன்றைக் கொண்டு திருத்தலாம். இல்லாத கடிதத்தால் எழும் பிழையைத் திருத்த வழியே இல்லை.

குடும்பத்தினர் செய்யும் கழிப்பில் இன்னொரு சாய்வும் உண்டு. நல்லவை நிற்கும், கடன் கேட்டவை, கோபித்தவை, கெஞ்சியவை போகும். மிஞ்சுவது இரங்கல் கூட்டத்தில் வாசிக்கத் தக்க ஒரு மனிதர்.

மாதிரி எடுப்பது

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே பானையில் ஒரே அரிசி வெந்தால் செல்லும். கடிதங்களில் அப்படி ஒரே அரிசியாக இருப்பவை சில உண்டு: ஒரு பத்திரிகையாசிரியருக்கு வந்த வாசகர் கடிதங்கள், ஒரு கலைஞருக்கு வந்த ரசிகர் கடிதங்கள், இறப்பின்போது வந்து குவிந்த இரங்கல் கடிதங்கள், ஒரு பொறுப்பில் இருந்தவருக்கு வந்த வேலை கேட்கும் மனுக்கள். ஆயிரக்கணக்கில் இருக்கும், எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே முறை எழுதியவர்கள், சொல்வதும் ஒத்திருக்கும். இங்கே மாதிரி எடுப்பது நியாயமானது, சில சமயம் அதுவே கைகூடும் ஒரே வழியும்கூட.

ஆனால் மாதிரியைச் சுவைக்காக எடுக்கக் கூடாது. நன்றாக எழுதிய நூறு ரசிகர் கடிதங்களைப் பொறுக்கி வைத்தால் ரசிகர்கள் எல்லோரும் நன்றாக எழுதினார்கள் என்றாகிவிடும். பத்தில் ஒன்று என்றோ, ஐந்தாண்டுக்கு ஒரு முழு ஆண்டு என்றோ இயந்திரத்தனமான ஒரு விதி வேண்டும். அந்த விதியையும், மொத்தம் எவ்வளவு இருந்தது என்பதையும் பட்டியலில் எழுதி வைக்க வேண்டும். விதிப்படி எடுத்த பிறகு, கண்ணில் பட்ட அபூர்வமானவற்றைத் தனிக் கோப்பாகச் சேர்ப்பதில் தவறில்லை. இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

உறவினர், நண்பர், காதலர் கடிதங்களில் மாதிரி என்பதற்கே இடமில்லை. ஒரு நாவலின் ஒற்றைப்படைப் பக்கங்களை மட்டும் யாரும் காப்பதில்லை.

ஆள்வாரியாகத் தேர்ந்தெடுப்பது

நான் பரிந்துரைப்பது இதைத்தான். தேர்வின் அலகு கடிதம் என்று இருக்கக் கூடாது. இருவருக்கு இடையே நடந்த தொடர்பு முழுவதும் ஓர் அலகு. ஒருவரின் கட்டு உள்ளே வந்தால் முழுவதும் வரும், வெளியே போனால் முழுவதும் போகும். நடுவில் கை வைப்பதில்லை.

இதற்குப் படிக்க வேண்டிய அளவு வியக்கத்தக்க வகையில் குறைவு. உறைகளைப் புரட்டி, எழுதியவர் யார், உறவு என்ன, முதல் கடிதத்தின் ஆண்டு, கடைசிக் கடிதத்தின் ஆண்டு, கட்டின் தடிமன், எதிர்ப்பக்கம் இருக்கிறதா என்று ஒரு தாளில் வரிசைப்படுத்தினால் போதும். 2,000 கடிதங்கள் கொண்ட தொகுப்பிலும் அடிக்கடி எழுதியவர்கள் சில பத்துப் பேர்தான் இருப்பார்கள். மற்றவர்கள் ஓரிரு முறை எழுதியவர்கள். சில நாள்களில் முடிகிற வேலை. முடிவு எதுவானாலும் இந்தத் தாளே பின்னால் பட்டியலாகிவிடும் என்பது கூடுதல் ஆதாயம்.

அதன் பிறகு கேட்க வேண்டியவை எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. நீண்ட காலம் தொடர்ந்ததா என்பதற்கு நான் மிக அதிக எடை கொடுப்பேன். கால ஓட்டத்தில் ஒரு மனிதர் மாறுவது கடிதத்தில் தெரிவதுபோல் வேறெதிலும் தெரிவதில்லை. இரு பக்கமும் கிடைக்கிறதா என்பதற்கு அடுத்த எடை. ஒரு பக்கக் கார்பன் நகலோடு சேர்ந்த கட்டு, ஒற்றைப் பக்கக் கட்டுகள் பத்துக்குச் சமம். எழுதியவரின் குரல் வேறெங்கும் பதிவாகாததா என்பது மூன்றாவது: வீட்டிலிருந்து எழுதிய பெண்கள், எழுதத் தெரியாமல் பிறரைக் கொண்டு எழுதுவித்தவர்கள், வேலைக்காக வெளியே போனவர்கள். எழுத்தழகு, புகழ், சுவையான செய்தி ஆகியவை இவற்றுக்குப் பிறகுதான்.

ஓரிரு முறை எழுதியவர்களை என்ன செய்வது? 'இதர' என்று ஒரு கோப்பு, ஆண்டு வரிசையில். அவ்வளவே. அவர்களைப் பிரிக்கப் போனால் மறுபடியும் கடிதம் கடிதமாகப் படிக்கும் இடத்துக்கே திரும்பிவிடுவோம்.

இந்த வழியிலும் வெளியே போக வேண்டியவை இருக்கின்றன. அவற்றில் தயங்க வேண்டியதில்லை. அச்சிட்ட வாழ்த்து அட்டையில் கையொப்பம் மட்டும் இருப்பவை, வங்கிச் சுற்றறிக்கைகள், சந்தா நினைவூட்டல்கள், ஒரே அழைப்பிதழின் கூடுதல் பிரதிகள். அட்டையின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதியிருந்தால் அது கடிதம். அதற்குரிய கட்டில் சேரும். உறைகளை ஒருபோதும் எறியாதீர்கள். பாதிப் பேர் கடிதத்தில் தேதி போடுவதில்லை, போட்டாலும் ஆண்டு போடுவதில்லை. அஞ்சல் முத்திரைதான் அப்போது கைகொடுக்கும்.

இதற்கும் குறை உண்டு. ஒரே குடும்ப நிகழ்வைப் பற்றி ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதியிருப்பார்கள். அவர்களில் இருவரின் கட்டை விட்டுவிட்டால் கதை சாய்ந்துவிடும். பெயர் பெயராகப் பார்ப்பவருக்கு இந்தக் குறுக்கிழைகள் தெரியா. அந்தக் குடும்பத்தை அறிந்த ஒருவரைப் பட்டியலோடு அரை நாள் உட்கார வைப்பதே இதற்கு நான் அறிந்த பரிகாரம்.

கூச்சம் தரும் கடிதங்கள்: எரிப்பதா, திருப்பித் தருவதா, மூடி வைப்பதா

நோய், கடன், மணமுறிவு, மறைத்த உறவு. குடும்பம் தேர்வு என்று பேசத் தொடங்குவதே பெரும்பாலும் இவற்றை மனத்தில் வைத்துத்தான். வெளிப்படையாகச் சொல்லமாட்டார்கள்.

ஒரு நடைமுறை உண்மையை இங்கே சொல்ல வேண்டும். பெரும்பாலான நாடுகளின் சட்டப்படி, கடிதத் தாள் பெற்றவருக்குச் சொந்தம். அதில் எழுதியிருக்கும் வாசகத்தின் பதிப்புரிமை எழுதியவருக்குச் சொந்தம், அவருக்குப் பின் அவர் வாரிசுகளுக்கு. ஆகவே காப்பகத்துக்குக் கொடுக்கக் குடும்பத்துக்கு உரிமை உண்டு. அச்சிட அனுமதிக்க உரிமை இல்லை. கொடுப்பதும் வெளியிடுவதும் வேறு வேறு என்று தெரிந்ததுமே பலரின் பதற்றம் பாதியாகக் குறைகிறது.

மீதிப் பாதிக்கு மூடி வைக்கும் காலம் இருக்கிறது. இதற்குப் பேர்பெற்ற உதாரணம் கவிஞர் டி.எஸ். எலியட் தம் தோழி எமிலி ஹேலுக்கு எழுதிய 1,131 கடிதங்கள். ஹேல் அவற்றை 1956-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்திடம் ஒப்படைத்தார். இருவரில் பின்னால் இறப்பவர் காலமாகி ஐம்பது ஆண்டு கழிந்த பின்பே திறக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1965-இல் எலியட்டும் 1969-இல் ஹேலும் மறைந்தார்கள். 2020 ஜனவரி 2 அன்று பெட்டிகள் வாசகருக்குத் திறந்தன. நூலகம் வாக்கைக் காத்தது, யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஹேல் எழுதிய கடிதங்களோ இல்லை. எலியட் அவற்றை எரிக்கச் செய்துவிட்டார். ஒரே உறவில் மூடி வைத்தவரும் எரித்தவரும் இருந்ததால் இரண்டின் விளைவும் பக்கத்துப் பக்கத்தில் தெரிகிறது. எரித்தவர் தம்மைக் காத்துக்கொண்டதாகவும் சொல்ல முடியவில்லை, ஏனெனில் அவர் சொன்னது முழுவதும் நிற்கிறது, பதில்தான் இல்லை.

திருப்பித் தருவது கண்ணியமாகத் தோன்றும். எழுதியவர் உயிரோடிருந்து கேட்டால் நகல் எடுக்க அனுமதி பெற்றுத் தரலாம். வாரிசுகளுக்குத் திருப்புவதை நான் ஊக்குவிக்கமாட்டேன்: தங்கள் பாட்டியின் பழைய கோபங்களை எதிர்பாராமல் அஞ்சலில் பெறும் பேரப்பிள்ளைகள் அவற்றை வைத்துக்கொள்வது அரிது.

எரிக்கத்தக்கது எதுவுமே இல்லையா? இருக்கிறது. எழுதியவர் 'படித்ததும் கிழித்துவிடு' என்று கேட்டு, அவர் உயிரோடிருந்து, இன்றும் அதையே சொன்னால் அந்த விருப்பத்தை மதிக்கலாம். சிறுவர் ஒருவருக்கு நேர்ந்த தீங்கைச் சொல்லும் கடிதமானால், பாதிக்கப்பட்டவர் சொல்வதே இறுதி. மற்றவற்றுக்கெல்லாம் மூடி வைப்பதே சரி. அதிலும் 'நிரந்தரமாக' என்று எழுதக் கூடாது. முடிவுத் தேதி இல்லாத பூட்டைக் காப்பகங்கள் பொதுவாக ஏற்பதில்லை, ஏற்கவும் வேண்டியதில்லை. கடிதத்தில் பேசப்படும் இளையவரின் வாழ்நாளைக் கணக்கிட்டு ஓர் ஆண்டைக் குறிப்பிடுவது நியாயமான அளவு.

நகலெடுத்துவிட்டு மூலத்தை விட்டுவிடுவது

ஸ்கேன் செய்தால் இடப் பிரச்சினை தீர்ந்தது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். படிப்பதற்கும் பகிர்வதற்கும் ஸ்கேன் அருமையானது, மறுப்பதற்கில்லை. மூலத்துக்குப் பதிலாக வைப்பதுதான் கோளாறு. தாளின் நீர்க்குறி, மடிப்பு, மையின் நிறமாற்றம், எழுதி அடித்ததன் கீழே தெரியும் சொல் ஆகியவை சாதாரண ஸ்கேனில் விழுவதில்லை. அதோடு, நல்ல தாள் இருட்டிலும் வறட்சியிலும் யாரும் தொடாமல் இருந்தால் நூறாண்டு தாங்கும். கணினிக் கோப்பை யாரும் தொடாமல் இருபதாண்டு விட்டால் திறக்குமா என்பதே சந்தேகம். பிரதி எடுத்துப் புது வட்டுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் செலவு நிற்பதே இல்லை. மூலத்தைத் தூக்கிப் போட ஸ்கேன் காரணமாகக்கூடிய ஒரே இடம், மூலம் ஏற்கெனவே பூஞ்சையால் பிறவற்றைக் கெடுக்கும் நிலையில் இருப்பது. வெப்பத்தாளில் வந்த ஃபேக்ஸ் தானே வெளுத்துப்போகும். அதை முதலில் நகலெடுங்கள்.

மின்னஞ்சலில் கணக்கு மாறுகிறது

எழுத்தாளர் சல்மான் ருஷ்டி தம் ஆவணங்களை அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்துக்குத் தந்தபோது தாள்களோடு பழைய கணினிகளும் போயின. 2010-இல் அந்தத் தொகுப்பு வாசகருக்குத் திறக்கப்பட்டது. அது தொடக்கம். இனி வரும் தொகுப்புகளில் உறைகள் குறைவாகவும் அஞ்சல்பெட்டிகள் நிறைவாகவும் இருக்கும்.

இங்கே நான் மேலே சொன்ன கோணல் நேராகிவிடுகிறது. அனுப்பியதும் வந்ததும் ஒரே கணக்கில் இருக்கின்றன. டிக்கன்ஸ் காலத்தில் இரண்டு வீட்டில் தேட வேண்டியது இப்போது ஒரே கோப்பில் கிடைக்கிறது. ஆனால் அளவு தலைகீழ். ஒருவருக்கு ஒரு லட்சம் மின்னஞ்சல் என்பது இப்போது வியப்பல்ல. அதில் பெரும்பகுதி விளம்பரமும் தானியங்கி அறிவிப்பும். ஆள்வாரித் தேர்வு இங்கே இன்னும் எளிது: அனுப்பியவர் பெயரால் வரிசைப்படுத்தி, உரிமையாளர் ஒருமுறையாவது பதில் எழுதிய முகவரிகளை மட்டும் எடுத்தால் குப்பையில் பெரும்பாலானது தானே கழிந்துவிடும். எம்பாக்ஸ் (mbox) போன்ற பொதுவான மின்னஞ்சல் கோப்பு வடிவத்தில் இணைப்புகளோடு ஏற்றுமதி செய்து வைக்கலாம். கடவுச்சொல் உரிமையாளரோடு போய்விட்டால் எந்தத் தேர்வும் இல்லை. அவர் இருக்கும்போதே செய்ய வேண்டிய ஒரே வேலை இது. கைப்பேசிச் செய்திகளுக்கும் அப்படியே, அவற்றின் ஆயுள் இன்னும் குறைவு.

கழித்ததை எழுதி வைப்பது

எந்த வழியைத் தேர்ந்தாலும், வெளியே போனவற்றுக்கு ஒரு பக்கக் குறிப்பு தொகுப்போடு இருக்க வேண்டும். யாருடைய கட்டு, ஏறக்குறைய எத்தனை கடிதம், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, ஏன் விடப்பட்டது, முடிவெடுத்தவர் யார், எந்தத் தேதியில். மூடி வைத்தவற்றுக்குத் திறக்கும் ஆண்டு. குடும்பத்திடமே தங்கிவிட்டவை இருந்தால் அதுவும். கட்டுகள் உரிமையாளரின் அலமாரியில் எந்த வரிசையில் இருந்தன என்பதை, கலைப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து இந்தக் குறிப்போடு வைத்துவிடலாம். யாருடைய கடிதங்களை அவர் கைக்கெட்டும் தட்டில் வைத்திருந்தார் என்பது எந்தக் கடிதத்திலும் எழுதியிருக்காது.